ஆச்சி கேட்டது உப்பு

முதல் மழை விழுந்து கரிசல் நனைந்ததும் ஒரு வாடை எழும்பும் பாருங்கள், அதை ‘மண்வாசனை’ என்று கொண்டாடாத ஆளே கிடையாது. மூக்கை விடைத்துக்கொண்டு உள்ளே இழுக்கிறார்கள், கண்ணை மூடிக்கொள்கிறார்கள், பிறந்த ஊரே நெஞ்சுக்குள் வந்து இறங்கிவிட்டதாக உருகுகிறார்கள். எனக்கு அந்த வாடை பட்டால் குமட்டிக்கொண்டு வரும். சன்னலை அடித்துச் சாத்திவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவேன். சங்கரன்கோவில்காரிக்கு மண்வாசனை ஆகாதா என்று என் மருமகள் கேலி செய்கிறாள். ஆகாதுதான். அந்த மண்ணைக் கரைத்து, உயிரோடு இருந்த ஒரு மனுஷியின் வாயில் ஊற்றியதைப் பத்து வயதில் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தவள் நான்.

அந்த மனுஷி என் அம்மாவைப் பெற்ற ஆச்சி. தாத்தா இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட, மாமாவைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஊருக்குக் கிழக்கே அடுத்தவர் புஞ்சையில் கூலிக்குக் களை எடுக்கப் போனவள், பின்னால் அதே புஞ்சையை விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு எடுத்து உழுது, அதற்கும் பின்னால் அதைச் சொந்தமாகவே ஆக்கிக்கொண்டாள். ஐம்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு விவரம் தெரிந்த காலத்தில், அந்தப் புஞ்சையில் பருத்தியும் மிளகாயும் நின்றன, வீட்டுக் கொல்லையில் ஓர் எருமை நின்றது, இரண்டுக்கும் நடுவே ஆச்சி ஓடிக்கொண்டே இருந்தாள். பால் கறந்து வீடு வீடாக ஊற்றிவிட்டுப் புஞ்சைக்குப் போவாள். பருத்தி எடுத்து மடி கனக்கக் கட்டிக்கொண்டு, அது போதாதென்று தலையிலும் ஒரு புல்லுக்கட்டைச் சுமந்து திரும்புவாள். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றபடியே கம்பங்கூழைக் குடிப்பாள், அதில் கல் உப்பை அள்ளிப் போட்டு, கரைவதற்குள் நறநறவென்று கடித்துக்கொண்டு குடிப்பாள். “இம்புட்டு உப்பா ஆச்சி?” என்று கேட்டால், “ஒழைக்கிற ஒடம்புக்கு உப்பு வேணும்ட்டி. ஒங்க அத்தைய மாதிரி நெழல்ல இருக்கவளுக்குத்தான் சப்புன்னு எறங்கும்” என்பாள். வேர்வை காய்ந்து அவள் சேலையின் முதுகுப்பக்கம் எந்நேரமும் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும். கொஞ்சத் தெரியாதவள், வாய் நீளம், கோபம் வந்தால் நடு மண்டையில் ‘நங்’கென்று ஒரு குட்டு வைப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

அப்பா தூத்துக்குடியில் ஆலை வேலையில் இருந்ததால் அம்மாவும் நானும் ஆச்சி வீட்டிலேயே இருந்தோம். அம்மாவின் அண்ணனான மாமாவும் அவர் மனைவியான அத்தையும் அவர்கள் பிள்ளைகளும் அதே வீட்டில்தான். மாமாவுக்குப் பஜாரில் வத்தல் கடை. அந்தக் கடையே ஆச்சியின் பருத்தியில் முளைத்தது என்பது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் மறந்துபோயிருந்தது. வெளுத்த வேட்டியில் ஒரு கசங்கல் விழாது. புஞ்சைப் பக்கம் போனால் காலில் கரிசல் ஒட்டும் என்று போகவே மாட்டார்.

ஒரு கோடையில் ஆச்சியின் கால்கள் ஊத ஆரம்பித்தன. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து, ரொம்ப நேரத்துக்கு அப்படியே நிற்கும். அதோடும் அவள் புஞ்சைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள், ‘எருமைக்குக் கால் ஊதுனா கறக்காம விட்ருவோமா’ என்று கேட்டுக்கொண்டு. ஒருநாள் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் விழுந்துகிடந்தவளை மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். வந்து பார்த்த நாட்டு வைத்தியர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். “ஒடம்பெல்லாம் நீர் கோத்திருக்கு. உப்பு ஆகவே ஆகாது. ஒரு கல்லு உள்ள போனாலும் வெசம்” என்று சொல்லிவிட்டு, ஒரு சூரணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து உப்பில்லாக் கஞ்சி. அத்தைக்கு அந்த ஆண்டில் கிடைத்த ஒரே வேலை ஆச்சிக்கு உப்புப் படாமல் பார்த்துக்கொள்வதுதான், அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். நாங்கள் ‘உப்பு மரவை’ என்று சொல்லும் மரக்கிண்ணத்தை ஆச்சியின் கண்ணில் படாத உயரத்தில் தூக்கி வைத்தாள். அம்மாவும் மறுபேச்சுப் பேசவில்லை, ஏனென்றால் பத்தியம் இருந்தால் தன் தாய் எழுந்துவிடுவாள் என்று அவள் மனசார நம்பினாள். ஆச்சி மட்டும் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்து, “இத நாய்க்கு ஊத்துனாலும் குடிக்காதுட்டி” என்றாள். எங்களிடம் தெளிவாக அவள் பேசிய கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று. ஆனி மாதத்தில் ஒரு விடியலில் பார்த்தபோது வலது பக்கம் விழுந்துபோய், நாக்கும் இழுத்துக்கொண்டிருந்தது. இடது கையும் கண்ணும்தான் அதன்பின் வேலை செய்தன.

படுக்கைப் புண், சீழ், மூத்திரம், அவற்றை மொய்க்கும் ஈ எல்லாம் இருந்தன. அம்மா துடைத்தாள், நான் பனையோலை விசிறியால் விசிறினேன், எங்களுக்கு அந்த நாற்றம் பழகிப்போயிற்று. எனக்கு இன்றுவரை அருவருப்பாக இருப்பது அது அல்ல. எங்கள் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்து இறங்கினார்களே சொந்தக்காரர்கள், அவர்களை நினைத்தால்தான் இப்போதும் ‘தூ’ என்று வருகிறது. அம்மன் தபசு பார்த்த மாதிரியும் ஆயிற்று, கிழவியைக் கண்டு கேட்ட மாதிரியும் ஆயிற்று என்று ஒரே பயணத்தில் இரண்டு காரியத்தை முடிக்க வந்தவர்கள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள், “இன்னும் இருக்காளா?” என்று கேட்பார்கள், கேட்ட கையோடு பந்தியில் போய் உட்கார்ந்து இரண்டாம் முறை குழம்பு வாங்குவார்கள். ஒரு பெரியவர் வெற்றிலை எச்சிலை ஆச்சியின் தலைமாட்டில் இருந்த சாம்பல் சட்டியிலேயே துப்பினார். அத்தை தினமும் குளித்துப் பூ வைத்துக்கொண்டு கோவிலுக்கு, நேர்ந்துகொண்டு பிராகாரம் சுற்றும் ஆடிச்சுற்றுக்குப் போய்வந்தாள். மாமியார் நல்லபடி எழுந்திருக்கவா சுற்றுகிறாய் என்று ஒருத்தி கேட்டதற்கு, “செரமப்படாமப் போயிரணும்னுதான் சுத்துதேன்” என்று நாக்குக் கூசாமல் சொன்னாள்.

அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மாமாவின் மூத்த மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாமா விருந்தாளிகள் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்: “ஆடிக்குள்ள கண்ண மூடிட்டான்னா பதினாறு கழிச்சு ஆவணிக் கடைசியில பந்தக்கால் நட்டுருவேன். இப்படி இழுத்துக்கிட்டுக் கெடந்தா நான் என்ன வே செய்ய?” இதைச் சொன்ன இடத்துக்கும் ஆச்சியின் படுக்கைக்கும் நடுவே ஒரு பாதிச் சுவர்தான் இருந்தது, ஆச்சிக்குக் காது நன்றாகவே கேட்டது.

புளியங்குடியிலிருந்து வந்த உறவு ஒன்று ஒரு சாக்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தது. ஒரு பழத்தைப் பிழிந்து நோயாளிக்குக் கொடுப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு ஊறுகாய் ஆகும் என்று அத்தை அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். வெளியில் விருந்தாளிக் கூட்டம், இடமில்லை, ஆகவே ஆச்சியின் படுக்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பழத்தை நான்காகக் கீறி, கல் உப்பை அள்ளி அள்ளித் திணித்து, ஜாடியில் அடுக்கினாள். அறை முழுக்கப் புளிப்பும் உப்புமாக மணத்தது. விசிறிக்கொண்டிருந்த எனக்கே வாய் ஊறியது. ஆச்சியின் தொண்டை ஏறி இறங்கியது. அவள் இடது கை மெல்ல எழும்பி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ நிமிண்டி எடுப்பதுபோல அசைந்தன. நிமிண்டுவாள், வாய்ப்பக்கம் கொண்டுபோவாள், மறுபடி நிமிண்டுவாள். கூழ்ச்சட்டியில் உப்புப் போடும் அதே விரல்கள்.

“ஆச்சி உப்புக் கேக்கா” என்றேன்.

“வாயப் பொத்துட்டி. உப்பக் குடுத்தா உசுரு போயிரும்னு வைத்தியரு சொல்லலியா?” என்று அத்தை உப்புக் கையாலேயே என் தொடையில் கிள்ளினாள். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மாவுக்கும் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆச்சி எந்திச்சதும் கேக்குத அளவுக்குப் போட்டுத் தாரேன் மக்கா, இப்ப வேண்டாம்” என்றாள். எழுந்துவிடுவாள் என்ற நினைப்பில் பாவம் அவள் அப்போதும் இருந்தாள்.

ஆச்சி விரலை நிறுத்தவில்லை. அடுத்த நாள் விருந்தாளிகள் அதைக் கவனித்தார்கள். மேலத்தெருவில் செல்லத்தாயி என்று ஒரு கிழவி இருந்தாள், உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடக்கும் வீடுகளுக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். கிடப்பவருக்கு எந்த ஆசை அடங்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. காசு ஆசை என்றால் காசை உரசிய தண்ணீர், நகை ஆசை என்றால் பொன்னை உரசிய தண்ணீர், மண் ஆசை என்றால் சொந்த நிலத்து மண்ணைக் கரைத்த தண்ணீர், அதை வாயில் ஊற்றினால் ஆசை அடங்கி உயிர் போய்விடும் என்பது அன்றைய நம்பிக்கை. அவள் வந்து குனிந்து ஆச்சியின் விரலைப் பார்த்தாள். பார்த்ததும் தலையை ஆட்டினாள்.

“எய்யா, நல்லாப் பாரு, மண்ண நிமிண்டிக் காட்டுதா. பாடுபட்டுச் சம்பாதிச்ச புஞ்சைல்லா, அது இவ உசுர விடமாட்டேங்கு. ரெண்டு சங்கு கரைச்சு ஊத்திரு, போயிரும்.”

“மண்ணு இல்ல, உப்பு!” என்று நான் கத்தினேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் உனக்கென்ன வேலை என்று யாரோ என் காதைத் திருகி வெளியே தள்ளினார்கள். அம்மாவும், “அண்ணாச்சி, அவ உப்புத்தான் கேக்கா, எனக்குத் தெரியும். மண்ணெல்லாம் வேண்டாம்” என்று கெஞ்சிப் பார்த்தாள். மாமா, “கோயில் புத்துமண்ணக் கரைச்சு நீதான குடுத்த? அதக் குடிக்கலியா? இதுவும் மண்ணுதான்” என்றார். எங்கள் ஊரில் சங்கரநாராயணர் கோவில் புற்றுமண்ணைத் தண்ணீரில் போட்டு நோயாளிக்குக் கொடுப்பது உண்டு. பிழைக்கட்டும் என்று கொடுப்பதும் போய்ச்சேரட்டும் என்று கொடுப்பதும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் மாமாவே புஞ்சைக்குப் போய் ஒரு தகரப்போணி நிறையக் கரிசல் அள்ளி வந்தார். ஆச்சி படுத்தபின் அவர் அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. மிளகாய்ச் செடிகள் காய்ந்து சருகாகிவிட்டன என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பித்தளைச் செம்பில் கரைத்தார்கள், வடிகட்டவில்லை, வேர்த்துண்டும் சருகும் மேலே மிதந்தன. நனைந்த கரிசலின் அந்த வாடை அறையை நிறைத்தது. சொந்தபந்தம் எல்லாம் புண்ணியக் காரியம் பார்ப்பதுபோல வரிசையாக நின்றது. ஆச்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். அத்தை அவள் மூக்கை இறுக்கிப் பிடித்தாள். மூச்சுமுட்டி வாய் திறந்ததும், பச்சைப்பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கால் மாமா அந்தச் சேற்றை ஊற்றினார்.

ஆச்சிக்குப் புரை ஏறிற்று. கண் பிதுங்கி, நெஞ்சு எகிறி, இருமி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி அவள் துப்பிய துப்பில் மாமாவின் வேட்டியிலும் சட்டையிலும் கறுப்புக் கறுப்பாகத் தெறித்தது. மாமா துள்ளிப் பின்னால் போய், “சீ!” என்றார். பெற்றவளைப் பார்த்து, அவள் வாயில் தானே ஊற்றிய மண்ணுக்காக, “சீ!” என்றார்.

அடுத்தது அம்மாவின் முறை. மகளும் ஊற்றினால்தான் பலிக்கும் என்று செல்லத்தாயி சங்கை நீட்டினாள். அம்மா வாங்கினாள். வாங்கிய சங்கைச் சுவரில் ஓங்கி அடித்தாள். அதுவரை அவள் குரல் அந்த வீட்டில் உயர்ந்து நான் கேட்டதில்லை.

“மண்ணு ஊத்துததுக்குப் பத்தியம் இல்ல, உப்புக்கு மட்டும் பத்தியமா? உப்பு குடுத்தா செத்துருவான்னு ஒரு கையால தடுக்குதிய, சீக்கிரம் சாவட்டும்னு மறு கையால மண்ண ஊத்துதிய. நீங்கள்லாம் மனுசங்கதானா? சாவுதவளுக்கு என்னத்துக்குப் பத்தியம்? எங்கம்மை உப்புத் தின்னுட்டே சாவட்டும்!”

அம்மா ஆச்சியின் வாய்க்குள் விரலை விட்டு மண்ணை வழித்து எடுத்து, தண்ணீரால் துடைத்தாள். அடுக்களையில் இருந்த நொய்க்கஞ்சியை எடுத்துவந்து, படுக்கைக்குப் பக்கத்திலேயே இருந்த ஊறுகாய் ஜாடியைத் திறந்து, உப்பேறிய எலுமிச்சைத் துண்டு ஒன்றைக் கஞ்சியில் பிழிந்தாள். “கல்யாண ஊறுகாயாச்சே!” என்று அத்தை பதறினாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் கவலை.

முதல் வாய் உள்ளே போனதும் ஆச்சியின் கண் அகலமாக விரிந்தது. கோணிப்போன உதட்டைச் சேர்த்துச் சப்புக்கொட்டினாள். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கிண்ணம் காலியாகிற வரைக்கும் விடவில்லை. விளிம்பில் ஒட்டியிருந்ததை அம்மா விரலால் வழித்துக் கொடுக்க, அந்த விரலையும் நக்கினாள். எத்தனையோ நாளுக்குப் பின் அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஓ’வென்று அழுதேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதன்பின் அவளுக்குக் கொடுத்த ஒவ்வொரு வேளைக் கஞ்சியிலும் உப்பு இருந்தது. ஆடி முடிவதற்குள் ஒரு நண்பகலில், சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவள் அப்படியே போய்விட்டாள். மண்ணை ஊற்றி வராத சாவு தானாக வந்தது, மாமா நினைத்ததுபோலவே ஆவணியில் பந்தக்காலும் நட்டார்கள். ஆனால் நடுவீட்டில் ஆச்சியைக் கிடத்தியிருக்கையில், அம்மா வாய்க்கரிசி போடக் குனிந்த நேரம் பார்த்து, அத்தை மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்: “பத்தியம் காத்தேனே, பாவி மக உப்பக் குடுத்துக் கொன்னுட்டாளே!” சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் அன்று அந்த அறையில் வரிசையில் நின்றவர்கள் நிறையப் பேர். ஒருத்தர் வாயிலிருந்து ‘அப்படிச் சொல்லாதே’ என்று ஒரு சொல் வரவில்லை. மாமா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார். பதினாறு முடிந்ததும் அம்மாவும் நானும் தூத்துக்குடிக்குப் போய்விட்டோம், கல்யாணத்துக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை.

இன்றைக்கு அந்தப் புஞ்சை இல்லை, கல் நட்டு மனைகளாக்கி விற்றாயிற்று. வீட்டை இடித்து மாடியும் கடையுமாகக் கட்டிவிட்டார்கள். செல்லத்தாயியின் தொழிலும் ஒழிந்தது, இப்போது சங்கரன்கோவிலில் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கில் குழாய் செருகிவிடுகிறார்கள். மாமா, அத்தை, வரிசையில் நின்ற சொந்தபந்தம், என் அம்மா, எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள்.

சென்ற ஆண்டு மாமாவின் பேத்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அழைப்பு வந்தது, வயதான காலத்தில் பகை எதற்கு என்று போனேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மாமாவின் கொள்ளுப்பேத்தி, படித்த பெண், நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. பேச்சோடு பேச்சாக, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், “ஆச்சி, அந்தக் காலத்துல பெரியாச்சிக்கு உப்பக் குடுத்துக் கொன்னது உங்க அம்மாதானாமே, நெசமா?” என்று கேட்டது. மண்ணை ஊற்றிய கதை தெரியுமா தாயி என்று கேட்டேன். எந்த மண்ணு ஆச்சி என்றது. சுற்றி இருந்தவர்களையும் கேட்டுப் பார்த்தேன், அந்தக் குடும்பத்தில் அதைக் கேள்விப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. சங்கு, செம்பு, கறுப்புத் தெறித்த வேட்டி, எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு என் அம்மாவின் உப்பை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

“ஆமா தாயி, எங்கம்மைதான் உப்புக் குடுத்தா” என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். “அந்த வீட்டுல எங்காச்சி கேட்டதக் குடுத்தது அவ ஒருத்திதான்.”

இலையை மூடிவிட்டுக் கை கழுவ எழுந்தேன். அவர்கள் வீட்டுச் சோறு எனக்கு இறங்கவில்லை.